மேலச்செய் சும்மா கிடக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. போன் போட்டால் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

மேலச்செய் வயல் சும்மாதானே கிடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். சும்மா கிடக்கவில்லை. வரப்பு தெரியாமல் பசுந்தாள் உரமாகிற கொழிஞ்சிச் செடி மண்டி, ஊதாப் பூ விட ஆரம்பித்திருக்கிறது. யாரும் விதைக்கவில்லை. போன வருஷம் ஓரத்தில் காய்க்க விட்டது, முற்றி வெடித்துச் சிதறி, தானாக முளைத்தது. அதன் விதைத் தோல் கெட்டி. நாம் விதைப்பதென்றால் மணலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும். மண்ணில் கிடந்தால் அதுவே பருவம் பார்த்து வரும்.

ரோட்டோரம், கண்மாய்க்கரை, சரளைப் புறம்போக்கு என்று ஒன்றும் விளையாத இடம்தான் அதற்கு வீடு. ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். சித்திரை வெயிலில் புல்லெல்லாம் கருகினாலும் அது பச்சையாக நிற்கும். ஆடுமாடும் அவ்வளவாக வாய் வைக்காது.

நேற்று ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் குருணை குருணையாக முண்டு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் இருக்கும் ரைசோபியம் என்கிற நுண்ணுயிர்தான் காற்றிலிருந்து நைட்ரஜன் என்கிற தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று பிளஸ் டூ படிக்கும்போது நீதான் எனக்குச் சொன்னாய். ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். அப்படிப் படித்த பிள்ளை இன்றைக்குத் தரிசு என்கிறாய்.

நீ அனுப்பினதாக ஒருவர் வந்தார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். களைக்கொல்லி அடித்துச் சுத்தம் பண்ணிவிடலாம் என்றார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. களைக்கொல்லி மட்டும் வேண்டாம் தம்பி. யார் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடாதே.

வேலையெல்லாம் முன்போல்தானே? வேளைக்குச் சாப்பிடு. கையில் முடை என்றால் அம்மாவிடமாவது சொல், சீட்டுப்பணம் அப்படியே இருக்கிறது. மருமகளும் பேசி நாளாகிறது. களைக்கொல்லி வேண்டாம், மறந்துவிடாதே.

கொழிஞ்சி பூப்பிடிக்கும்போதே மண்ணுக்குள் மடக்கி உழ வேண்டும். தாண்டினால் தண்டு நாராகி, சேற்றில் சீக்கிரம் மட்காது. டிராக்டருக்கு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் நடவு உண்டா இல்லையா என்று அதற்குள் ஒரு போன் பண்ணு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா