சத்தம் போடாத வகுப்புக்கும் ஆசிரியர் வேண்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் தினக்கூலி ஆசிரியை நான். நிரந்தர ஆசிரியை ஜூன் மாதமே பிரசவ விடுப்பில் போய்விட்டார். எனக்கு ஆணை கிடைத்தபோது ஓணப் பரீட்சையே, அதாவது முதல் பருவத் தேர்வே, முடிந்திருந்தது. அந்த வகுப்பில் நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

முதல் நாள் உள்ளே போனபோது கரும்பலகையில் தேதி, பாடம், கணக்கின் எண் எல்லாம் எழுதியிருந்தது. வகுப்புத் தலைவி எழுந்து, "டீச்சர், ரெண்டாம் பாடம் வரைக்கும் நாங்களே பாத்துட்டோம்ங்க. அரைவட்டம் வர்ற எடத்துல நின்னுபோச்சு. அங்கிருந்து எடுத்தாப் போதும்" என்றாள். புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அதுவரை வந்திருக்கிறார்கள். யாருக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார்கள்.

அரைவட்டத்தில் இருந்தே தொடங்கினோம். விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேல் உள்ள ஏதாவது ஒரு புள்ளியோடு சேர்த்தால் அங்கே செங்கோணம் வரும். எல்லாரும் வரைந்தார்கள், அளந்தார்கள், 90 பாகை வந்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் மட்டும், "எங்க வெச்சாலும் ஏனுங்க டீச்சர் அதே வருது?" என்று கேட்டான். காலையில் தென்னந்தோப்பில் அப்பாவுக்குக் கை உதவி செய்துவிட்டு வருகிறவன், வகுத்தல் கணக்கிலேயே தடுமாறுகிறவன். நான் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசைப் பெண் திரும்பி, "நடுப்புள்ளியில இருந்து ஒரு கோடு இழுத்துப் பாரு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அவன் நடுப்புள்ளியில் இருந்து வட்டத்தின் மேல் வைத்த புள்ளிக்குக் கோடு இழுத்தான். இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைத்தன. ஒன்றில் இரண்டு கோணங்கள் சமம், மற்றதிலும் அப்படியே. அந்த நான்கையும் கூட்டினால் 180 என்று அவனே கண்டுபிடித்து, பாதி 90 என்று வந்து நின்றான். நெடுநேரம் ஆனது. ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை, விடையைக் கத்தவில்லை, மணி அடிக்கப் போகிறது என்று புத்தகத்தை மூடவில்லை. நல்ல நடத்தை என்றால் இதைத்தான் சொல்வேன். எழுந்து நின்று வணக்கம் சொல்வதை எந்த வகுப்புக்கும் பழக்கிவிடலாம்.

பயத்தில் அடங்கிய வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வாசலைத் தாண்டியதும் அங்கே இரைச்சல் கிளம்பும். இங்கே நான் தலைமையாசிரியர் அறைக்குப் போய்த் திரும்பும்போதும் வராந்தாவில் அதே மெல்லிய பேச்சொலிதான் கேட்டது, பேச்சும் கணக்கைப் பற்றித்தான்.

எனக்கு முன்பு சில வாரங்கள் வேறொரு ஆசிரியர் வந்து போயிருக்கிறார். நல்லவர், கணக்கில் கெட்டிக்காரர், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாதவர். பிள்ளைகள் புத்தகத்தை உரக்க வாசிப்பார்கள், அவர் மலையாளத்தில் விளக்குவார், அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை பக்கத்தில் இருப்பவனுக்குத் தமிழில் சொல்வான். நம் மாநிலக் கணக்குப் புத்தகம் வெறும் சூத்திரமும் பயிற்சியுமாக இருப்பதில்லை, பேச்சுப் போலப் பக்கம் பக்கமாகப் போகும். வாசிக்க முடியாமல் அதை நடத்துவது அவருக்கும் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! பிள்ளைகள் அவரை ஒரு நாளும் கேலி செய்யவில்லை. இன்றும் மரியாதையோடுதான் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

என் கவலை இதுதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைகள் அழவில்லை. அவர்கள் அப்பா அம்மாவும் கள் இறக்கவும் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்கும் விடியும் முன்பே கிளம்புகிறவர்கள், மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய அவர்களுக்கு நேரமில்லை. புகார் வராத பள்ளி என்று உங்கள் கோப்பு அடியில் போய்விடுகிறது. ஆசிரியர் இல்லாமலும் ஒழுங்காக இருக்கிறார்களே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஓணப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். அவர்கள் தாமாகப் படித்த பகுதி வரை விடைகள் தெளிவாக இருக்கின்றன, அதற்குப் பிறகு வெற்றுத்தாள்.

1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது இந்த ஊர்கள் கேரளத்தில் நின்றன. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழி செய்ய வேண்டும் என்கிற 350ஏ பிரிவும் அதே ஆண்டில்தான் அரசியலமைப்பில் சேர்ந்தது. கேரளம் அதையும் தாண்டி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கேள்வித்தாளைக்கூடத் தமிழில் அச்சிட்டுத் தருகிறது. தமிழ்வழிக்கென்றே தனிப் பணியிடங்களை அறிவித்துத் தேர்வும் வைக்கிறது. இதை மனதார நன்றியோடு சொல்கிறேன். இவ்வளவும் செய்துவிட்டு, விடுப்பில் போனவர் இடத்தை மாதக்கணக்கில் காலியாக விடலாமா?

பிரசவ விடுப்பு 180 நாள். அது வரப்போவது பல மாதங்களுக்கு முன்பே தெரியும். ஓய்வு பெறும் நாளோ பணியில் சேரும் அன்றே தெரிந்துவிடும். இவை இரண்டுக்காவது இடம் காலியாகும் முன்பே நேர்காணலை முடித்துவிடலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்து, தகுதித் தேர்வில் தேறி, வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் வண்ணாமடையிலும் வேலந்தாவளத்திலும் கோவிந்தாபுரத்திலும் இருக்கிறார்கள். பாடவாரியாக அவர்கள் பட்டியல் ஒன்றைக் கல்வி மாவட்ட அளவில் வைத்துக்கொண்டால், விடுப்புக் கடிதம் வந்த அன்றே ஒருவரைக் கூப்பிடலாம். தமிழ் வாசிக்கத் தெரியுமா என்பதை நேர்காணலிலேயே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

இதே பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் வருகிற மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கான அறிவிப்பை ஏப்ரலிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை (தினக்கூலி)