பள்ளிக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் இன்று கான்கிரீட் தளம் போட்ட வகுப்பறைகள் நிற்கின்றன. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். தணிக்கை செய்த வரவு செலவு இத்துடன் இருக்கிறது. மதிப்பீட்டைவிட நாலு லட்சத்துச் சொச்சம் கூடியிருக்கிறது. "கொடுத்த காசை மண்ணுக்குள் புதைத்துவிட்டீர்கள்" என்று பொதுக்குழுவில் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆமாம், மண்ணுக்குள்தான் போட்டோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் பட்டால் உப்பிப் பெருகும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பழைய எட்டாம் வகுப்புச் சுவரின் விரிசலில் சித்திரையில் அரையடி ஸ்கேல் உள்ளே போகும். கார்த்திகையில் அதே இடத்தில் பேனா முனைகூட நுழையாது. ஒப்பந்ததாரர் நாலடிக்கு அஸ்திவார வானம் தோண்டினால் போதும் என்றார். மண் பரிசோதனை செய்த பொறியாளரோ, ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டிப் பன்னிரண்டு அடிவரை அண்டர் ரீம் பைல் இறக்கச் சொன்னார். மண்ணில் துளை போட்டு இறக்கும் கான்கிரீட் தூணுக்கு, அடியில் தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் வைத்துப் போடுவது அது. மேல்மண் எப்படி அசைந்தாலும் கட்டடம் அசையாது. குழு பொறியாளர் சொன்னதைக் கேட்டது. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வோம்.

பைல் போடத் தஞ்சாவூரிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். தான் செய்யாத அந்த வேலைக்கும் லாபப் பங்கு வேண்டும் என்று ஒப்பந்ததாரர் நின்றார். மறுத்ததும் கலவை மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெரியவர்கள் பேசித் திரும்பக் கூட்டி வந்தோம். அப்புறம் நடந்ததுதான் பெரிது. குளத்தடியிலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவர ஒப்பந்தத்திலேயே தொகை இருந்தும், பள்ளி போர்வெல் தண்ணீரை ஊற்றி, தரை மட்டத்தில் சுவர்களைத் தாங்கும் பிளிந்த் பீம் கான்கிரீட்டைப் போட்டிருந்தார். வாயில் வைக்க முடியாத உப்பு அது. உள்ளே இருக்கும் கம்பியைத் துரு தின்றால் கொஞ்ச வருடத்தில் கான்கிரீட் வெடித்துப் பெயரும், சுவருக்குத் தாங்கல் போய்விடும். அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள். அந்தப் பகுதியை உடைத்து மறுபடி போடச் சொன்னோம். "உள்ளூர்க்காரரை இப்படி அவமானப்படுத்தலாமா" என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அளவு எடுத்துப் பணம் கொடுத்திருக்கிறோம். உடைத்த பகுதிக்கு மட்டும் கொடுக்கவில்லை.

தரை, ஜன்னல், வயரிங், வண்ணம், பெண் பிள்ளைகள் கழிப்பறை எல்லாம் குறித்த தொகைக்குள் முடிந்தன. சமையல் கூடத்தை வகுப்பறைகளிலிருந்து தள்ளிக் கட்டினோம். 2004இல் கும்பகோணத்தில் சமையல் கூடத்திலிருந்து பரவிய பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர்களின் பணத்தை ஏன் வாங்கவில்லை என்றும் கேள்வி வந்தது. வேறு நாட்டுக் குடிமக்கள் தரும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி நம் சங்கத்துக்குப் பதிவு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பியதை வாங்கினோம். மற்றவர்களுக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொடுத்தவர்கள்: ஒரு வகுப்பறையை முழுதாக ஏற்ற 1984 பத்தாம் வகுப்பு அணி, தளக் கம்பிக்கு 1991 அணி, மின்விசிறிகளுக்கு 2003 அணியின் துபாய் நண்பர்கள், தாயார் நினைவாகக் கழிப்பறை கட்டித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, குறுவை அறுத்த கையோடு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கித் தந்த கீழத்தெரு, மேலத்தெரு விவசாயிகள், தளம் போட்ட அன்று எல்லாருக்கும் சோறு போட்ட கடைத்தெரு வியாபாரிகள், நடவுக் கூலியிலிருந்து ஐம்பதும் நூறுமாகக் கொண்டுவந்த தாய்மார்கள். தொகை சிறிதென்று ஒரு பெயரையும் விடவில்லை. அத்தனையும் வரவுப் பட்டியலில் இருக்கின்றன.

ஒப்பந்ததாரருக்கு ஐந்து சதவீதப் பிடித்தம் பாக்கி இருக்கிறது. ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் கழிந்து, பொறியாளர் சுவர்களைப் பார்த்துச் சரி என்ற பிறகு அது கொடுக்கப்படும். வாக்களித்த தொகையை இன்னும் செலுத்தாதவர்கள் பங்குனிக்குள் சங்கக் கணக்கில் போட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மேசை, பெஞ்சு வாங்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

திருப்பணிக் குழு