ஊர்ப்பணத்தில் வட்டியில்லாக் கடன் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து, செயலராக ஓய்வுபெற்றவன் நான். நம் ஊர்களில் கோயில் கொடை விழா முடிந்த பிறகு மிஞ்சுகிற பொதுப்பணம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பது பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரி யூதர் தெருவைப் பார்த்து வந்தபின், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மகள் எர்ணாகுளத்தில் குடியிருப்பதால் பாலருவி எக்ஸ்பிரஸில் செங்கோட்டை, கொல்லம் வழியாக அடிக்கடி சென்றுவருபவன் நான். கொல்லத்தைக் கடக்கும் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. வேணாட்டு அரசர் அய்யனடிகள் திருவடிகள் காலத்தில், 849ஆம் ஆண்டில், அவ்வூர்க் கிறித்தவத் தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகளாக ஒப்பமிட்டவர்களுள் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்ட யூதர்களும் இருக்கிறார்கள். அதன்பின் கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கி அளித்த பட்டயமும் நம் கல்வெட்டுகளில் காணும் அதே வட்டெழுத்தில்தான் பொறிக்கப்பட்டது. மலைக்கு அப்பால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த மக்கள் அவர்கள்.

மட்டாஞ்சேரியில் யூதர்களின் ‘பரதேசி’த் தொழுகைக் கூடம் 1568இல் கட்டப்பட்டது. கொச்சி மன்னர் கொடுத்த நிலத்தில், அரண்மனைக்கும் பகவதி கோயிலுக்கும் ஒட்டினாற்போல் அது நிற்கிறது. தரையில் பதித்த சீனத்து ஓடுகளும் வெளியே உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டும் எசக்கியேல் ரகபி என்ற வணிகர் 18ஆம் நூற்றாண்டில் செய்த கொடை. இத்தனை அழகையும் பார்த்து நின்றபோது, பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்களுக்கு முழு வழிபாடு நடக்கும் என்பதும், இன்று அந்தப் பத்துப் பேர் உள்ளூரில் இல்லை என்பதும் நினைவுக்கு வந்து மனத்தை வருத்தின. கேரளத்தில் எட்டுத் தொழுகைக் கூடங்களை நடத்திய சமுதாயத்தில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். மாளா என்ற ஊரில் இருந்தவர்கள் புறப்படும்போது, தங்கள் தொழுகைக் கூடத்தையும் மூதாதையரின் கல்லறை நிலத்தையும் காத்துத்தர வேண்டுமென்று உடன்படிக்கை எழுதி உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துச் சென்றார்கள். ஊரை விட்டுப் போகும்போதும் ஊரை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

இவ்வளவு சிறிய கூட்டம் இத்தனை நூற்றாண்டுகள் எப்படி ஒன்றாக நின்றது என்ற கேள்வி, திரும்பி வந்த பிறகும் என்னை விடவில்லை. அவர்களுடைய மரபைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். கூட்டுறவுத் துறையில் காலம் கழித்தவன் என்பதால், கட்டடங்களைக் காட்டிலும் அவர்கள் பணத்தைக் கையாண்ட முறைதான் என்னைக் கவர்ந்தது.

கொடைக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘செதாக்கா’. நீதி என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். ஏழைக்குச் சேர வேண்டியது அவனைச் சென்றடைகிறது என்பதே அவர்கள் கருத்து; கொடுத்தவனுக்கு அதில் பெருமை ஏதும் இல்லை. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்டிருப்பதை நம் பகுதிக் கிறித்தவர்கள் நன்கு அறிவார்கள். பிசான அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கப் போகும் பெண்களை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்தக் காட்சி மறைந்துவிட்டது.

ஊர்தோறும் ஒரு பொதுநிதி இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய சட்டம். அதற்குத் தண்டல் செய்ய ஒருவர் தனியே போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். பங்கிடுவதற்கு மூவர் அமர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வெள்ளிவரைக்கான உணவுக்கு ஏழைகளுக்குப் பணம் வழங்கப்படும். கொடையை வாங்கிப் பிழைப்பவனும் தன் பங்குக்குச் சிறிது கொடுக்க வேண்டும் என்ற விதியைப் படித்தபோது, எங்கள் வீட்டில் உலை வைக்கும் முன் அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்தது நினைவுக்கு வந்தது. எங்களுக்கே அரிசி பற்றாத காலம் அது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவன் யாரென்று வாங்குபவனுக்கும், வாங்குபவன் யாரென்று கொடுப்பவனுக்கும் தெரியாமல் கொடுப்பது இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலான முதற்படியாக அவர் வைத்தது எது என்பதைப் பலரிடம் கேட்டுப்பார்த்தேன். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. நொடிந்து விழப்போகிறவனுக்குக் கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்துக்கொண்டோ, வேலை தேடிக் கொடுத்தோ, அவன் பிறரிடம் கையேந்தாதபடி தாங்கிக்கொள்வதே முதற்படி. அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது. கொடுத்த கடனுக்கு அடகு வாங்கப் போகிறவன் கடன்காரனுடைய வீட்டுக்குள் நுழையக் கூடாது, வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கூறுகிறது. நிலுவை வசூலுக்காக எத்தனையோ வீட்டு நடைகளை மிதித்தவன் நான். அடுக்களையில் நின்ற பெண்களின் முகங்கள் அந்த வரியைப் படித்த இரவில் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

யூதர் என்றால் வட்டிக்காரர் என்ற பேச்சு நம் ஊர்ப்பக்கத்திலும் உண்டு. பள்ளியில் படித்த ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகமே அதற்குக் காரணம். ஐரோப்பாவின் பல நாடுகளில் நிலம் வாங்கவும் கைத்தொழில் சங்கங்களில் சேரவும் அவர்களுக்குத் தடை இருந்ததனால் பலர் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டனர் என்பதையும், அதே மக்கள் தங்களுக்குள் வட்டியில்லாக் கடன் நிதிகளை இன்றுவரை நடத்திவருகிறார்கள் என்பதையும் நாம் சேர்த்தே அறிய வேண்டும். நியூயார்க் நகரில் 1892ஆம் ஆண்டில் 95 டாலர் முதலுடன் தொடங்கிய அத்தகைய சங்கம் ஒன்று இன்றும் நடக்கிறது; எச்சமயத்தவரும் அங்குக் கடன் பெறலாம். ஈடாகப் பொருள் கேட்பதில்லை. பிணை நிற்க ஆள் இருந்தால் போதும்.

நம் நிலைமையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். கந்துவட்டிக் கொடுமையால் 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தாய், தந்தை, இரு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பம் தீக்கு இரையானது. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே இருந்தும் அது நடந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ கணவரின் அறுவைச் சிகிச்சைக்கோ திடீரென்று பதினைந்தாயிரம் ரூபாய் தேவைப்பட்டால், பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு எங்கள் வட்டாரத்தில் உள்ள வழிகள் மூன்றுதான்: நகை இருந்தால் அடகு, இல்லாவிட்டால் வாரந்தோறும் கட்ட வேண்டிய குழுக் கடன், அதுவும் கிடைக்காவிட்டால் கந்துவட்டி.

அதே ஊரில் கோயில் கொடைக்கென்று குடும்பந்தோறும் தலைக்கட்டு வரி பிரித்து, செலவு போக மிஞ்சிய பணம் ஊர்க் கணக்கில் இருக்கும். அது சும்மா இருப்பதில்லை. பல ஊர்களில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு உள்ளூராருக்கே விடப்படுகிறது. வரி கொடுத்த ஏழையே தான் கொடுத்த பணத்தை வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியில் அடுத்த கொடைக்கு வாணவேடிக்கை நடக்கிறது. இதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை. வெளியில் வாங்குவதைவிட இது குறைந்த வட்டிதான் என்று நானும் பல ஆண்டுகள் ஊர்க் கூட்டத்தில் வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் தவறு என்பதை இப்போது உணர்கிறேன்.

கோயில் கொடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்தன்று குலத்தார் கூடி உண்ணும் சோறும், தேவாலயங்களில் நடக்கும் அசன விருந்தும், ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் எல்லார்க்கும் ஊற்றும் கஞ்சியும் நம் மண்ணின் செல்வங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் பயணிகள் தவித்தபோது, தங்கள் வீடுகளே நனைந்துகிடந்த அக்கம்பக்கத்து மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். கொடுக்கும் மனம் நம்மிடம் குறைவாக இல்லை. ஆனால் அதே வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் அரிசிப் பை வழங்கிய ஓர் அமைப்பு, வாங்கியவர் ஒவ்வொருவரையும் பதாகைக்கு முன் நிறுத்திப் படம் எடுத்தது. கணவரை இழந்து தனியே வாழும் ஒரு மூதாட்டி, பாதி வரிசையிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினார். அன்று அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு நேர்த்தியான மரபுடைய கொச்சி யூதர்களுக்குள்ளும் தீண்டாமையை ஒத்த வேற்றுமை இருந்தது. மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக் கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான இடமும் உரிமையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டன. அவர்களுள் பிறந்து சட்டம் படித்த ஏ. பி. சேலம், காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே கைக்கொண்டு அந்த வேற்றுமையை எதிர்த்துப் போராடினார். ‘யூதக் காந்தி’ என்று அவரை அழைத்தார்கள். கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தன. ஆனால் அதற்குள் ஊரே கலையும் காலம் வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் மாணவர் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில்கூடச் சாதி தெரிகிற நிலையில், ஒவ்வொரு சமுதாயமும் தன் மகமையையும் தன் நிதியையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அடுத்த தெருவில் கந்துவட்டிக்கு ஆளாகிறவர் யாருக்கு உறவு? சேலம் பட்ட பாட்டை நாம் காலம் கடப்பதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். ஒவ்வோர் ஊரும் கொடைக் கணக்கின் மிச்சத்தில் கால் பங்கை வட்டியில்லாக் கடனுக்கு என்று தனியே ஒதுக்கட்டும். ஒருவருக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டாம். பத்து மாதத் தவணை போதும். நகை கேட்க வேண்டாம், இருவர் பிணை நிற்கட்டும். பணம் தண்டுவதற்கு இருவர், கடன் முடிவு செய்வதற்கு மூவர் என்ற பழைய யூத விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த மூவரில் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் வேறு சமுதாயத்தவராகவும் இருப்பது அவசியம். கணக்கு ஊர்ப்பொதுவில் வாசிக்கப்படட்டும். வாங்கியவர் பெயர் வாசிக்கப்பட வேண்டாம். தவணை தவறுமே என்று அஞ்சுபவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்: சங்கத்தில் பெரிய தொகையை நிலுவை வைத்தவர்கள் பெரும்பாலும் கட்ட முடிந்தவர்கள்தான். சிறு கடன் வாங்கிய பெண்கள் தவணை நாளன்று காலையிலேயே வந்து காத்திருப்பார்கள்.

எங்கள் ஊரில் வரும் சித்திரைக் கொடைக்கான வரிக்கூட்டத்தில் இதை முன்வைக்கவிருக்கிறேன். என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையை முதலாகத் தருகிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இத்தகைய நிதியை ஏற்கெனவே நடத்திவரும் ஊர்களோ ஜமாஅத்துகளோ சபைகளோ இருந்தால், அவர்கள் கணக்கு வைக்கும் முறையையும் நிலுவையைச் சமாளிக்கும் முறையையும் தங்கள் நாளிதழ் கேட்டு வெளியிட வேண்டுகிறேன். அவ்வாறு வெளியிடும்போது கடன் பெற்றவர்களின் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.