தொண்டிக் கரையில் வத்தலுக்கும் கருவாட்டுக்கும் களம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலோரம் என்றாலே வலையும் படகுமே நினைவுக்கு வருவதால், இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி, திருவாடானைப் பகுதியைப் பற்றி எழுதுவோர் அங்குள்ள உழவர்களை மறந்துவிடுகிறார்கள். தேவகோட்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் நான் ஆண்டுதோறும் மாசி முதல் சித்திரை வரை அந்தப் பக்கம் போய்வருகிறேன். நம்புதாளையிலும் சோழியக்குடியிலும் மீனவர்கள், தொண்டிக் கடைவீதியில் இஸ்லாமிய வணிகர்கள், ஓரியூர்ப் பக்கம் கிறிஸ்தவர்கள், உள்ளே தள்ளிக் கண்மாயை நம்பி நெல்லும் குண்டு மிளகாயும் விளைவிக்கும் குடியானவர்கள் என்று பல தரப்பினரும் வாழ்கிற வட்டாரம் அது. விளைந்ததையும் பிடித்ததையும் காயவைக்க இடம் தேடுவதில் மட்டும் உழவருக்கும் மீனவருக்கும் ஒரே பாடுதான்.

குண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. காய நாள் பிடிக்கும். களம் போதாததால் சாலையோரத்தில் பரப்புகிறார்கள். கொச்சியில் தொடங்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில் முடிகிறது. அதன் கடைசிக் கிலோமீட்டர்களில் சிவப்பாகக் கிடப்பது அந்த வத்தல்தான். சக்கரம் ஏறினால் நசுங்கி விதை உதிரும். ஈரம் பட்டால் வெளுத்துச் சோடையாகும். சோடைக்கு நானே பாதி விலைகூடக் கொடுப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, மண்ணும் பொடிக்கல்லும் கலந்து மூட்டைக்கு வருகிறது.

சென்ற பங்குனியில் ஒரு பிற்பகல் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் கருவாட்டைக் கூடையில் வாரிப் போட்ட கையோடு, தார்ப்பாயைக் கொண்டுவந்து எதிரே கிடந்த வத்தலின் மேல் விரித்தார்கள். கடைக்காரப் பாய் ஒருவர் தம் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். நான்கு மூட்டை தப்பியது, மீதி நனைந்தது.

எனவே, கருவாட்டுக்குக் கரையை ஒட்டியும், வத்தலுக்குக் கடற்காற்றின் ஈரம் எட்டாதபடி சற்று உள்ளே தள்ளியும் சிமெண்டுக் களங்களை அரசு அமைத்துத் தர வேண்டும். வாடை ஏறிய வத்தல் விலை போகாது என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது ஆகாது. களத்துக்கு ஒரு கொட்டகையும் இருந்தால், மழைக்கு மூட்டைகளை ஒதுக்கிக்கொள்ளலாம். ஐப்பசி அடைமழைக்கு முன் வேலையை முடித்தால்தான் வரும் மாசிப் பறிப்புக்குக் களம் கைக்கு வரும்.

இப்படிக்கு,
வத்தல் வியாபாரி ஒருவர்,
தேவகோட்டை.