தகடு வெட்டும் முன் வரைபடம் முடியட்டும்

ஆசிரியருக்கு,

போட்டி கூடினால் அரசுக் கப்பல்களின் செலவு தானாகக் குறையும் என்ற தங்கள் தலையங்கம் பாதிதான் சரி. ஒப்பந்தப்புள்ளி முடிவாகும் நாளோடு போட்டி முடிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் 2015-இல் இரண்டு அரசுப் பயணிகள் கப்பல்களுக்கு 9.7 கோடி பவுண்டு என நிலையான விலைதான் பேசினார்கள். ஆனால் வடிவமைப்பு முடியும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. 2017-இல் முதல் கப்பலை நீரில் இறக்கியபோது, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் போலப் பெயின்ட் அடித்திருந்தார்கள்! அது பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். செலவோ பல மடங்கு.

கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். அங்கே லாபம் முதலில் சொன்ன விலையில் வராது. அப்புறம் போடும் ‘கூடுதல் வேலை’ பில்லில்தான் வரும். பாதி பிரித்துப்போட்ட கப்பலை வேறு தளத்துக்கு இழுத்துக்கொண்டா போக முடியும்? கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். எனவே வரைபடங்கள் முழுமையாக ஒப்புதல் பெறும்வரை கப்பலுக்கான எஃகுத் தகடு வெட்ட அனுமதிக்கக் கூடாது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தின் விலையையும், அதைக் கேட்ட அதிகாரியின் பதவியையும் அரசு உடனுக்குடன் வெளியிட வேண்டும்.