தரங்கம்பாடிப் பழைய வீடு: தவறான விளம்பரமும் வீட்டைக் கெடுக்கும் சிமென்ட் பூச்சும் குறித்த புகார்

அனுப்புநர்: முன்பணம் செலுத்தியுள்ள வாடிக்கையாளர்கள்
பெறுநர்: மேலாளர் அவர்கள், பழைய வீடுகள் விற்பனைப் பிரிவு
பொருள்: முன்பணம் ரூ.2,00,000 திரும்பக் கோருதல். சுவர்ப்பூச்சு வேலையை உடனே நிறுத்தக் கோருதல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தரங்கம்பாடியில் விற்பனைக்கு வைத்துள்ள திண்ணை வீட்டை "1700களில் கட்டிய டேனிஷ் வீடு, முழுவதும் புதுப்பித்தது, மாடி எடுத்து விடுதி நடத்தலாம்" என்று விளம்பரப்படுத்தியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் முன்பணம் கொடுத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துச் சென்று வீட்டை முழுக்கப் பார்த்த பிறகு இதை எழுதுகிறோம். சொன்ன மூன்றுமே நிற்கவில்லை. அதிலும் நீங்கள் புதுப்பித்ததாகச் சொல்லும் வேலைதான் இப்போது அந்த வீட்டை அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் வயது. கூடத்து மட்டப்பாவை, அதாவது தட்டையான மேல்தளத்தை, தாங்கும் இரும்பு விட்டத்தில் வெள்ளையைச் சுரண்டினால் டார்மன் லாங் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் புடைத்து நிற்கிறது. அந்த இங்கிலாந்துக் கம்பெனி தொடங்கியதே 1875இல். டேனியர்கள் 1620இல் வந்து 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆக, இந்த மட்டப்பா அவர்கள் போய் 30 ஆண்டாவது கழித்துப் போட்டது. பின்கட்டில் மெல்லிய சிறு செங்கல் இருப்பதால் அந்தப் பகுதி இன்னும் பழையதாக இருக்கலாம். ஆனால் செங்கல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டு சொல்லக் கூடாது. மூலப்பத்திரமோ பழைய வரைபடமோ வேண்டும், இரண்டும் உங்களிடம் இல்லை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று அமைந்த இது தமிழ் வீடு. அதுவே அதற்குப் பெருமை. இல்லாத பெயரைச் சூட்ட வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது சுவர். கடலோரத்து மண்ணில் உப்பு இருக்கும். செங்கல் அந்த உப்புநீரை அடியிலிருந்து உறிஞ்சும். பழைய கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் பூசியதற்குக் காரணம் இதுதான்: சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பு பூச்சின் மேலேயே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டு சில ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசினால் போதும். பூச்சு கெடும், கல் பிழைக்கும். நீங்கள் சுண்ணாம்பை முழங்கால் உயரத்துக்குக் கொத்தி எடுத்து சிமென்ட் பூசி, அதன்மேல் பட்டி பார்த்து, அக்ரிலிக் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். தரையிலும் விட்ரிஃபைடு டைல்ஸ். இப்போது ஈரத்துக்குக் கீழேயும் வழியில்லை, பக்கத்திலும் வழியில்லை. அதனால் மேலே ஏறுகிறது. ரேழியில் சிமென்ட் முடிகிற இடத்துக்கும் மேலே, இடுப்பு உயரத்தில், பழைய சுண்ணாம்பில் ஓதம் படர்ந்திருக்கிறது. சிமென்ட்டை விரலால் தட்டினால் காலிப் பானை போல ஒலிக்கிறது. நிலைக்கால் ஓரமாக ஒரு துண்டு தானாகவே உதிர்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தால் செங்கல்லின் முகம் கால் அங்குலக் கனத்துக்கு அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. உள்ளே கல், விரல் பட்டாலே மாவாகக் கொட்டுகிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு கட்டியாகும்போது கல்லையே உடைப்பதால் வருகிற கேடு இது.

இன்னும் இரண்டு அறைகளில் இதே வேலை பாக்கி இருப்பதாக உங்கள் ஆள் சொன்னார். தயவுசெய்து நிறுத்துங்கள். பூசிய சிமென்ட்டைப் பிரேக்கர் மிஷின் வைக்காமல் சுத்தியலும் உளியும் கொண்டு கையால் எடுக்க வேண்டும். சுவர் காய சில மாதம் விட வேண்டும். பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு, அரைத்த சாந்து. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டிப் பதப்படுத்த வேண்டும். கடல்மணல் வேண்டவே வேண்டாம். மேலே பெயின்ட் இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளைதான்.

மட்டப்பாவும் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. இது மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கி, செங்கல்ஜல்லிச் சுண்ணாம்பு அடித்து இறுக்கியது. ஒழுகல் நிற்கட்டும் என்று மேலே 3 அங்குல சிமென்ட் கான்கிரீட்டும் கூலிங் டைல்ஸும் போட்டிருக்கிறீர்கள். கான்கிரீட் மட்டுமே சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. 12க்கு 18 அடிக் கூடத்தின் தலையில் மூன்றரை டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். கட்டைகளின் நடுப்பகுதி திடமாக இருக்கிறது. சுவருக்குள் போகும் முனைகளில்தான் ஈரம் தங்கி இற்றுப்போயிருக்கிறது. வடக்குச் சுவரில் நான்கு கட்டைகளில் திருப்புளி அரை அங்குலம் இறங்கியது. இரும்பு விட்டத்தின் அடிப்பட்டையும் துருவேறி உப்பி, பக்கத்துப் பூச்சைப் பிளக்கிறது. அந்தக் கூடத்தில் யாரையும் தங்க வைக்காதீர்கள்.

மாடி விஷயம். வீடு அலைகரையிலிருந்து சுமார் 150 மீட்டர். உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். சர்வே எண்ணைக் குறித்த மண்டல வரைபடமும் உரிய அனுமதியும் இல்லாமல் மாடி எடுக்கலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோன ஊர் அது. "கடலுக்கு மிக அருகில்" என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்திரத்தில், 30 ஆண்டு வில்லங்கச் சான்று மட்டும் தந்தீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரமும் வாரிசுச் சான்றும் கேட்டு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.

ஆகவே: முன்பணம் ரூ.2,00,000ஐ 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். விளம்பரத்திலிருந்து "1700", "டேனிஷ் வீடு", "மாடி எடுக்கலாம்" ஆகியவற்றை நீக்குங்கள். சிமென்ட், கான்கிரீட் வேலை விவரத்தையும் கட்டை முனைகளின் நிலையையும் அடுத்து வருகிறவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். மீதமுள்ள இரண்டு அறைகளில் கைவைக்காதீர்கள்; அங்கே பழைய சுண்ணாம்பு இன்னும் கண்ணாடி போல் மின்னுகிறது. தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இணைப்பு: படங்கள் 22, பணம் செலுத்திய ரசீது நகல், கொத்தனார், தச்சர் குறிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள்