ஆள்காட்டியின் ஈர வயிறு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குச் சாக்குச் சொல்லப்போவதில்லை. விடிந்ததும் பூங்காவுக்குப் போய்விடுகிறேன். திரும்பி வந்தால், எடுத்த படங்களைக் கணினியில் போட்டுக் கழித்துக்கட்டுவதிலேயே பாதிப் பகல் போய்விடுகிறது. இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியமா என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். நீ மட்டும்தான் பாக்கி.

முழங்கால் எப்படி இருக்கிறது? நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். நடக்கிறவன் சும்மா நடக்க வேண்டாமே, நானும் ஒரு கேமரா வாங்கட்டுமா, எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டிருந்தாய். கூடவே, நீ எடுத்ததிலேயே சிறந்த படத்தை அனுப்பு என்றும் எழுதியிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதில்தான் சிக்கல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பறவைக்கு 400 மி.மீ. லென்ஸ் போதும். கேமராவுக்குள் ஒளியைப் பதிகிற சில்லு, அதாவது சென்சார், சிறியதாக இருந்தால், அதுவே 600 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். பெரிய பீரங்கி போன்ற லென்ஸ்களைப் பார்த்து மயங்காதே. தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உன்னால் நடக்க முடியுமா என்று மட்டும் பார். முக்காலியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதை விரித்து முடிப்பதற்குள் பறவை பக்கத்துக் குளத்துக்குப் போய்விடுகிறது. கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/400 வினாடிக்கு மேல் போகக் கூடாது. பறக்கிற பறவைக்கு 1/2000-ஆவது வேண்டும். அதற்காக ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போல் தெரியும், தெரியட்டும். மணல் தூவிய படத்தைப் பார்க்கலாம். அசைந்துபோன படத்தை என்ன செய்வது?

நம் பழைய ஃபிலிம் கேமரா நினைவிருக்கிறதா? ஒரு சுருளுக்கு 36 படம். ஆளுக்குப் பதினெட்டு என்று பாகம் பிரித்து, நீ பத்தொன்பதாவதை எடுத்துவிட்டாய் என்று நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போதிருக்கும் கேமரா ஒரு வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கிறது. முதல் வாரம் ஒரே காலையில் 1,400 படத்தோடு வீடு திரும்பினேன். அத்தனையும் கொக்கு. அத்தனையிலும் கொக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. சுற்றிலும் இருண்ட தண்ணீரைப் பார்த்த கேமரா, படத்தை வெளிச்சமாக்குவதாக நினைத்துக்கொண்டு கொக்கின் இறகையெல்லாம் சுண்ணாம்பாக்கிவிட்டது. வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிகிற ஒளியின் அளவை, குறைக்க வேண்டும். வானத்தின் பின்னணியில் பறக்கும் கரும்பறவைக்குக் கூட்ட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு 1,400 கொக்கு ஆயிற்று. உனக்கு ஒரு வரியில் தருகிறேன்.

பூங்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நாணல் மண்டிய ஒரு குளம், கொஞ்சம் மரங்கள், அதற்கப்பால் பரல்கற்கள் கிடக்கிற ஒரு வெற்றுத் திடல், அவ்வளவுதான். தொடக்கத்தில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, இங்கே காகத்தையும் கொக்கையும் தவிர ஒன்றும் இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நாள் செருப்பு வார் அறுந்துவிட்டது. நடக்க முடியாமல் குளக்கரையில் ஒரு வேரின் மேல் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். நாணலுக்குள்ளிருந்து ஒரு முக்குளிப்பான் வெளியே வந்தது, முதுகில் குஞ்சோடு. தாயின் இறக்கைக்கு நடுவிலிருந்து அந்தக் குஞ்சு கோடு போட்ட தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான்தான் நடந்து நடந்து அதை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து சுற்றுவதை விட்டுவிட்டேன். ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், முடிந்தால் காற்றும் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆகவே அது உன் பக்கம் பார்த்து எழும்பும். எழும்புவதற்குச் சற்று முன்னால் பெரும்பாலும் எச்சமிடும். சிரிக்காதே, ஷட்டரை அழுத்த இதைவிட நல்ல சமிக்ஞை கிடையாது.

குளத்தின் மேல் சாய்ந்த ஒரு காய்ந்த கிளையில் சிறு மீன்கொத்தி ஒன்று வந்து உட்காரும். நம் முன்னோர் சிச்சிலி என்றார்களே, அதேதான். கீழலகு சிவந்திருந்தால் அது பெட்டை; முழுக்கக் கறுத்திருந்தால் ஆண். இது ஆண். மீனைப் பிடித்து வந்ததும் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும், சலவைக்கல்லில் துணியை அடிப்பது போல. பிறகு தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பி விழுங்கிவிடும். ஒரு நாள் அடித்து முடித்த மீனை விழுங்காமல், அதன் தலை வெளிப்பக்கம் இருக்கும்படி அலகில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அந்த மீன் தனக்கு இல்லை, வேறு யாருக்கோ என்று அப்படியானால் பொருள். ஊட்டும்போது வாங்குகிறவர் தொண்டைக்குள் தலை முதலில் போக வேண்டும் அல்லவா? நான் பெட்டையைத் தேடிக் கேமராவைத் திருப்பிய நேரத்தில் ஆண் பறந்துவிட்டது. படம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் அது வாயைப் பிளந்து கொட்டாவி விடுவது போல் செய்தது. நெருக்கிப் பார்த்தால், செரிக்காத மீன் எலும்புகளை ஒரு சிறு உருண்டையாக வெளியே கக்கிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இருக்கிறது. உருண்டை பாதி வெளியே, பாதி உள்ளே. யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாரும் அந்த நீலத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த இறகில் நீல நிறமியே கிடையாதாம். இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருகிற நிறம். கோணம் மாறினால் பச்சை தட்டுகிறது. ஒரே பறவையை எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து, இது வேறு அது வேறு என்று என் பேரன் சாதிக்கிறான்.

பறவையின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால் படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நின்றபடி எடுத்தால் வாத்துக்கு மேல் வெறும் தண்ணீர்தான் தெரியும். படுத்து எடுத்தால் குளமே பின்னணியில் கரைந்துபோகிறது. இதற்காக ஒரு நாள் கரையில் குப்புறப் படுத்திருந்தேன். மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்த காவலாளி ஓடி வந்து என் முதுகைத் தட்டினார். வாத்துகள் போய்விட்டன. நான் எழுந்திருக்க அவர்தான் கை கொடுத்தார்.

மறைந்திருந்து எடுப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் என்று இருவர். 1892-இலேயே பறவைக் கூட்டை முட்டைகளோடு படமெடுத்தவர்கள். பின்னாளில் ஒரு மாட்டுத்தோலை மரச்சட்டத்தில் போர்த்திப் பொய்மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்திருந்தார்களாம். நான் பழுப்புச் சட்டை போடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பறவை கிடைக்காத நாளில் தட்டான் இருக்கிறது. பழக அதுதான் சரியான ஆள். ஒரு குச்சி நுனியில் உட்காரும், பூச்சியைப் பிடிக்கப் பறக்கும், பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பி வரும். நீ அங்கே ஃபோகஸ் செய்து வைத்துக் காத்திருந்தால் போதும். கீரி ஒன்றும் இருக்கிறது. இதுவரை அதன் வாலை மட்டும் நான்கு படம் எடுத்திருக்கிறேன்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் ஒரு ஆள்காட்டிக் குருவி. பரல் திடலில், வெயில் ஏறிய நேரம். இறக்கை இரண்டும் விரிந்து, சிவந்த அலகு திறந்து, நேராக என்னைப் பார்த்துக் கத்துகிறது. வயிற்று இறகிலிருந்து நீர்த்துளிகள் சொட்டுகின்றன; ஒரு துளி அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. கண்ணில் சூரியன் ஒரு புள்ளியாக மின்னுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டுவதாக இருந்தேன்.

அதை எடுக்க அரைமணி நேரத்துக்கு மேல் அந்த இடத்தில் நின்றேன். கத்திக்கொண்டே என்னைச் சுற்றிப் பறந்தது. மனிதரைக் கண்டால் கத்துவது அதன் குணம், அதனால்தானே ஆள்காட்டி என்று பெயர் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஓடிப்போய்க் குளக்கரைச் சேற்றுநீரில் வயிற்றை அமிழ்த்திக்கொண்டு திரும்பி வந்தது. குளிக்கிறது போலும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை நனைந்து வந்தபோது எடுத்ததுதான் அந்தப் படம்.

அன்றிரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கீழ் மூலையில், கற்களோடு கல்லாக நான்கு முட்டைகள். கூர்முனைகள் உள்நோக்கி, பூவிதழ் போல் அடுக்கி வைத்தவை. கூடு என்று எதுவும் இல்லை, பரலில் ஒரு சிறு பள்ளம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: கொதிக்கிற தரையில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, ஆள்காட்டி தன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளின் மேல் உட்காருமாம். இரண்டு முறை தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு முறையும் நான் நடுவில் நின்றிருக்கிறேன். அந்தரத்தில் நிற்கிற அந்தத் துளி முட்டைக்குப் போக வேண்டியது.

மறுநாளிலிருந்து திடலுக்குள் கால் வைக்கவில்லை. நடைபாதையிலிருந்தே தொலைநோக்கியில் பார்ப்பேன். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்தன. அடை ஏறக்குறைய நான்கு வாரம். கணக்கு முடிகிற சமயத்தில் ஒரு காலை பள்ளம் காலியாக இருந்தது. முட்டை உடைந்த தடமும் இல்லை. அன்றைக்கு ஒரு படமும் எடுக்காமல் திரும்பினேன். ஐந்தாம் நாள் குளக்கரை ஈரத்தில் ஆள்காட்டி கத்தியது. கத்திய உடனே சேற்றில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ இரண்டு சட்டென்று நின்று, மண்ணாகிவிட்டன. நெடுநேரம் பார்த்த பிறகுதான் அவை குஞ்சுகள் என்று தெரிந்தது. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்தது போல. இரண்டுதான். மற்ற இரண்டு என்ன ஆயின என்று தெரியாது. வெயிலா, காகமா, நானா?

அந்தப் படத்தை அழிக்க மனம் வரவில்லை. மாட்டவும் மனம் வரவில்லை. உனக்கு எலும்பு உருண்டை கக்கும் மீன்கொத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேமரா வாங்கும் முன் ஒரு நடை இங்கே வந்து என்னுடையதை இரண்டு நாள் தூக்கிப் பார். வெள்ளைச் சட்டை வேண்டாம். பழைய தலையணை ஒன்றைக் கொண்டு வா, வேரின் மேல் நெடுநேரம் உட்கார உன் முழங்காலுக்கு அது வேண்டியிருக்கும். பூங்காவுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் திடல். ஆள்காட்டி நம்மைப் பார்த்துக் கத்தும். நான் நிற்க மாட்டேன், நீயும் பேசிக்கொண்டே என் கூட வந்துவிடு. குளம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உன் பழைய கூட்டாளி